ஒரே ஒருத்தர் பாக்கி

“விரலை வைங்க டெய்லர். வலிக்காது.”

“விரல்ல ஊசி குத்திடுச்சு மேடம். ஆறட்டும். அடுத்த மாசம் கண்டிப்பா வெச்சிடறேன்.”

மேடத்துக்கு வந்ததே கோபம்!

பின்னே? அடையாள அட்டை முகாமின் அதிகாரி அவர். மலை உச்சியில் இருக்கும் இந்த ஊருக்கு மாதாமாதம் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி வந்து இடுப்பே கழன்றுவிட்டது. ஊரில் எல்லாருக்கும் அட்டை கொடுத்தாயிற்று. பாக்கி இந்த டெய்லர் ஒருத்தர்தான். ஒரு பெயர் விட்டுப்போனாலும் திரும்பப் போய்த்தான் ஆகவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இவர் மட்டும் விரலை வைத்துவிட்டால் முகாமை மூடிவிட்டு நிம்மதியாக வேறு ஊரைப் பார்க்கலாம்.

மனுஷர் பிடி கொடுத்தால்தானே!

“போன மாசம் என்ன சொன்னீங்க?”

“தாடி வெச்சிருந்தேன். போட்டோவுல திருடன் மாதிரி இருக்கும்னு சொன்னேன்.”

“அதுக்கு முந்தின மாசம்?”

“போட்டோ எடுக்கறப்ப தும்மல் வந்துடுச்சு. அது என் தப்பா?”

“நான் கேமராவைத் தொடறப்பல்லாம் தும்மினார் மேடம்!” என்றார் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், அழாத குறையாக.

பள்ளிக்கூடத்தின் ஒரே அறை அது. இந்தப் பக்கம் அட்டை முகாம். அந்தப் பக்கம், கூடவே ஜீப்பில் வந்த நர்ஸம்மா கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரே அழுகைச் சத்தம். அதற்கும் மேலே கேட்டது டெய்லர் மனைவியின் குரல்.

“இந்த மனுஷருக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க மேடம்! ரெண்டு கண்ணுலயும் புரை. அட்டையைக் காட்டினா பெரிய ஆஸ்பத்திரியில சும்மாவே ஆபரேஷன் பண்றாங்களாம். இவர் என்னடான்னா முரண்டு பிடிக்கிறார். போன வாரம் என் ரவிக்கைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கத்துல வெச்சுத் தெச்சிருக்கார்!”

“அது புது ஃபேஷன்,” என்றார் டெய்லர்.

ஊரே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

“கண்ணு போச்சுன்னா வராது டெய்லர். அரசாங்கம் வீடு தேடி வந்து கொடுக்குது, அதான் உங்களுக்கு இளக்காரமா இருக்கு. உங்க ஒருத்தர் வீம்புக்காக எத்தனை பேர் இந்த மலையை ஏறி இறங்கறது? உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? இன்னைக்கு முடிக்காம நான் நகரப் போறதில்ல.”

டெய்லர் முகத்திலிருந்து கிண்டல் காணாமல் போனது.

“முடிச்சிட்டா அப்புறம் ஜீப்பு வராது. அப்படித்தானே மேடம்?”

“எல்லாருக்கும் கொடுத்த பிறகு எதுக்கு வரணும்?”

டெய்லர் அறையின் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

“நர்ஸம்மா உங்க ஜீப்புல, பெட்டிங்களுக்கு நடுவுல ஒடுங்கி உக்காந்துதானே வர்றாங்க? இந்த மலைக்கு வேற வண்டி ஏது? உங்க ஜீப்பு வர்றதுக்கு முன்னாடியெல்லாம், காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நாங்கதான் கீழே ஓடுவோம். என் பேரனைப் பாதி வழியிலேயே பறிகொடுத்தேன் மேடம்.”

அவர் மேடம் பக்கம் திரும்பினார்.

“என் கைக்கு அட்டை வந்தா, இந்தப் பிள்ளைங்களுக்கு நர்ஸம்மா கிடையாது. இது வயசான கண்ணு. போனா போகட்டும்.”

டெய்லர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே?”

மேடம் கைரேகை மெஷினை டெய்லர் பக்கம் நகர்த்தினார்.

“விரலை வைங்க.”

“மேடம், நான் இவ்வளவு சொல்லியும்...”

“வைங்கன்னு சொல்றேன்ல!”

அவரே டெய்லரின் கையைப் பிடித்து விரல்களை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. தும்மலுக்கு இடம் கொடுக்காமல் ஆபரேட்டர் போட்டோவையும் எடுத்து முடித்தார்.

‘இவ்வளவு கேட்டும் மனசு இரங்கலையே, இதுவும் ஒரு பொம்பளையா!’ என்று பிள்ளைகளோடு நின்ற தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டு பஞ்சையும் மருந்தையும் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

மேடம் எழுந்து நின்றார். அதே கறார் குரல்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. புது அட்டை வேலை இன்னையோட முடிஞ்சது. ஆனா, கொடுத்த அட்டையில தப்பு இருந்தா அதைத் திருத்திக் கொடுக்கறதும் எங்க வேலைதான். அதுக்கும் நாங்க ஜீப்புல வந்துதான் ஆகணும். யாருக்காவது அட்டையில தப்பு இருக்கா?”

முதலில் புரிந்துகொண்டது டெய்லர் மனைவிதான்.

“இருக்கு மேடம்! போட்டோவுல இருக்கறது என் மூக்கே இல்ல!”

அவ்வளவுதான். அறை அமளிதுமளிப்பட்டது.

“எனக்கு வயசை ஏத்திப் போட்டிருக்கு!”

“எங்க தெருவே தப்பு மேடம்!”

“என் வீட்டுக்காரர் பேரு தப்பு!” என்று கத்தினாள் குழந்தையோடு நின்ற ஒருத்தி. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேடம் மேஜையை ஓங்கித் தட்டினார்.

“சத்தம் போடாதீங்க! எல்லாரும் ஒரே நாள்ல வந்தா எப்படி? மாசத்துக்கு ஒரு தப்புதான் திருத்துவேன்!”