அந்தச் சிவப்பு பட்டன்

"எதுக்கும்மா இப்ப பட்டனை அழுத்தினே?"

விரட்டு சார் கத்திய கத்தலில் மின்விசிறித் தொழிற்சாலையே கப்சிப் என்றானது. அவர்தான் அங்கே சூப்பர்வைசர். பேச்சுக்குப் பேச்சு 'விரட்டு, விரட்டு' என்பார். அதனால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

கன்வேயர் பெல்ட் நின்றுபோயிருந்தது. ஓட்டிப் பார்த்து அனுப்புகிற கடைசி மேஜையில் அந்தப் புதுப் பெண், சிவப்பு பட்டன் மேல் வைத்த விரலை எடுக்காமல் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே காலையிலிருந்து விரட்டு சார்.

"இந்த ஃபேன்ல ஏதோ சத்தம் வருது சார். கீச்சுனு."

"வாசல்ல லாரி நிக்குது. மதியத்துக்குள்ள ஏத்தலைன்னா ஆர்டரே கையை விட்டுப் போயிடும். உனக்குக் கீச்சு கேக்குதா?"

அந்தப் பட்டனே மேனேஜர் கொண்டுவந்த வம்பு. தலைமை அலுவலகத்தின் மூன்று வருடத் திட்டத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். இனிமேல் தரம்தான் முதல். குறை இருப்பதாகத் தோன்றினால் யார் வேண்டுமானாலும் பட்டனை அழுத்தி வேலையை நிறுத்தலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மேஜைக்கு மேஜை பட்டன் வந்தது. தொடத்தான் ஆளில்லை. விரட்டு சார் நடமாடுகிற இடத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இப்போது இவள் அழுத்திவிட்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டுக்காரருக்கு வேலை போய், இவள் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பெரிகிறது.

"அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்ணலாம்னு எழுதிக் கொடுக்க இருந்தேன். நல்லவேளை, எழுதலை."

அவள் கண் கலங்கிவிட்டது. விரல் மட்டும் பட்டனை விட்டு வரவில்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவசரமே இல்லாமல் குனிந்து, ஃபேன் பக்கம் காதை வைத்தார். ஓடவிட்டார். நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். பக்கத்தில் விரட்டு சார் இருப்புக்கொள்ளாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று வாங்கிய புது ஷூ வேறு காலைக் கடித்தது.

மேனேஜர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"சத்தம் எனக்கும் கேட்டுதும்மா. கேட்டதும் நிறுத்தினே பாரு, அதுதான் சரி. ரொம்ப நன்றி."

சொல்லிவிட்டு அந்த ஃபேனைத் தானே தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். கன்வேயர் ஓடத் தொடங்கியது.

விரட்டு சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிஜெக்ட் ஆன ஃபேன் ரிப்பேர் பகுதிக்குத்தானே போகணும்? மேனேஜர் அறையில் அதுக்கு என்ன வேலை? சத்தம் போடாமல் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற எண்ணமோ? ஊருக்குத்தான் உபதேசம்!

லாரியை அனுப்பிவிட்டு, கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று போய்க் கதவைத் தள்ளினார்.

மேஜை மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜம்மென்று காற்று. பொட்டுச் சத்தம் இல்லை.

"சார், இதுல ஒரு குறையும் இல்லையே!"

"இல்லைதான்."

"அப்ப அவ வெட்டியா வேலையை நிறுத்தியிருக்கா. இப்பவே போய் எல்லார் முன்னாடியும்..."

"முதல்ல உக்காருங்க. லாரி போயிடுச்சா?"

"அது நேரத்துக்குப் போயிடுச்சு சார்."

"அப்புறம் என்ன? குறையில்லைன்னு அங்கேயே சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. நாளைக்கு நிஜமாவே குறை வந்தாலும் ஒருத்தரும் பட்டனைத் தொட மாட்டாங்க. ஏட்டுச் சுரைக்காய்னு சொன்னீங்களாமே? அதைக் கறியாக்கணும்னா யாராவது ஒருத்தர் அடுப்பு பத்த வைக்கணும். அவ பத்த வெச்சுட்டா. நாம போய்த் தண்ணி ஊத்தலாமா?"

விரட்டு சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரையில் படம் காட்டுகிற ஆள் என்றுதானே இத்தனை நாளும் நினைத்தோம், லேசுப்பட்ட மனுஷன் இல்லை இவர் என்று தோன்றியது. சந்தேகப்பட்டது கூச்சமாகக்கூட இருந்தது.

"அவளை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுங்க" என்றார் மேனேஜர்.

"இன்னைக்கே எழுதிடறேன் சார்." எழுந்தவருக்கு, முழுசாகத் தோற்றுப்போகவும் மனசில்லை. "ஆனா ஒண்ணு சார். இல்லாத சத்தத்தைக் கேட்டுதுன்னு நீங்களும் சேர்ந்து பொய் சொன்னீங்களே, அது சரியா?"

"நான் பொய் சொல்லலையே. சத்தம் நிஜமாவே கேட்டுது. அந்த ஜன்னல் வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

புரியாமல் நடந்தார் விரட்டு சார்.

கீச். கீச். கீச்.

சட்டென்று நின்று, குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

"அவ பின்னாடியே நின்னு விரட்டிக்கிட்டிருந்தீங்க இல்ல?" மேனேஜர் குரலைத் தணித்துச் சொன்னார். "எல்லார் முன்னாடியும் அதைச் சொல்ல வேண்டாமேன்னுதான் நான் ஃபேனைத் தூக்கிக்கிட்டு வந்தேன்."