ரெண்டு ‘இல்லை’

துனிஸ் அலுவலகத்தில் யாருக்காவது செய்தி அனுப்ப, பெயரின் முதல் எழுத்தைத் தட்டி டேப் பொத்தானை அழுத்தினால் போதும். மீதியை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டிக் கணினி நிரல், நிரப்பிவிடும். அதிலிருந்த ஒரு வரி அங்கே வேலை பார்த்த உல்ஃபாவுக்கு எரிச்சலூட்டியது: ‘வேலையில் இல்லாதவர் இல்லையென்றால் பெயரைக் காட்டு.’

“அந்த ரெண்டு இல்லையையும் தொடாதே தாயே,” என்றான் பக்கத்து மேசை பெஷீர். “ஓடுறதை ஏன் நோண்டுற?”

“மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கட்டுமே!” ‘வேலையில் இருந்தால் காட்டு’ என்று மாற்றினாள். அர்த்தம் ஒன்றுதான்.

பெஷீர் ‘உ’ தட்டி டேப்பை அழுத்தினான். உல்ஃபாவின் பெயர் வரவில்லை. உல்ஃபா அவசரமாகப் பழைய வரியையே திரும்பப் போட்டாள். அப்போதும் வரவில்லை.

அவன் அவளைத் தாண்டி எதிர்மேசையைப் பார்த்தான். “ரீம், உல்ஃபா இன்னிக்கு லீவா?”

“இங்கேதானேடா இருக்கேன்!” என்று கத்தினாள் உல்ஃபா.

ரீம் எழுந்து வந்து, உல்ஃபாவின் கைக்குப் பக்கத்திலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

“தெரியலையே. இந்த டீ யாரோடது? இன்னும் சூடா இருக்கு.”