திருச்சிக்கும் சிலோனுக்கும் நடுவில்

செம்பட்டி முக்கில் நாச்சிமுத்துவின் டீக்கடை. சாயங்கால வெயில் பாய்லர் மேல் மஞ்சளாக விழுகிறது. பலகையில் இருக்கும் ரேடியோவின் துணித் திரையில் காதை ஒட்டவைத்துக்கொண்டு செபாஸ்தியம்மாள் நிற்கிறாள். கடற்கரை ஊரான மண்டபத்துக்குக் கருவாடு வாங்கப் போன புருஷன் புயலுக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. பிழைத்துக் கரையேறியவர்களின் பெயர்களைத் திருச்சி நிலையத்தில் வாசிக்கிறார்கள். திருச்சி எப்போதும் கிணற்றுக்குள் பேசுவது போலத்தான் கேட்கும். நாச்சிமுத்து சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டிருக்கிறான். “கேக்குதா ஆத்தா?” “கேக்குதுண்ணே. ராமநாதபுரம் பக்கத்து ஆளுகளச் சொல்லி முடிச்சுட்டாக. இனி நம்ம பக்கந்தான்.” அவன் பெஞ்சில் டீ குடிப்பவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். சத்தத்தைக் குறைக்காமலே ரேடியோ முள்ளை, எப்போதும் கணீரென்று கேட்கும் சிலோன் நிலையத்துக்குத் தள்ளுகிறான். பாட்டு அவள் காதுக்குள் வெடிக்கிறது. துள்ளி விலகியவளின் முழங்கை பாய்லரில் பட்டுத் தீய்கிறது. பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மாட்டுத் தரகர் சடையாண்டியின் டீ வேட்டியில் சிந்துகிறது. “என்னத்தா, பாட்டு எடுக்குறதுக்கு முந்தியே ஆட்டம் வந்துருச்சு!” என்கிறார் அவர். அவள் கன்னத்தில் ரேடியோத் துணியின் கட்டங்கள் பதிந்திருக்கின்றன. “அண்ணே, பேரு வாசிக்கிறாகண்ணே. திருப்பி வைங்கண்ணே.” “வப்போம், வப்போம். இன்னொருக்கா ஆடு, பாப்போம்.” குமிழை விட்டு அவன் கை எடுக்கவில்லை. பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போகிறது. அவள் அந்த விரல்களைப் பார்க்கிறாள். பிறகு பெஞ்சைப் பார்க்கிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல் தெரிய, அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்குகிறாள். சிரித்தால் திருப்பி வைப்பான். இன்னும் சத்தமாகச் சிரிக்கிறாள்.