சனிக்கு ஓர் இடம்

"சூரியனை வையுங்கோ, சந்திரனை வையுங்கோ. சனியை மட்டும் என்ரை கடைச் சுவரிலை பூட்ட விடமாட்டன், பிள்ளை!"

நாகேந்திரம் தன் புடவைக்கடை மேசையில் அடித்துச் சொன்னார். சுபோதினி கையிலிருந்த தகட்டை மெல்லக் கீழே வைத்தாள். அதில் பொன்னிற வளையங்களோடு சனிக்கோள். அவளே வரைந்தது.

வெள்ளவத்தைப் பாலத்தில் சூரியன். அங்கிருந்து காலி வீதி என்னும் பெருந்தெரு நெடுகக் கடைச் சுவர்களில் மற்றக் கோள்கள். விண்வெளி ஆய்வாளர்கள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் தரவுகளை இணையத்தில் எடுத்து, பத்து இலட்சம் கிலோமீற்றரை ஒரு மீற்றராகச் சுருக்கி, ஆறு மாதம் உயிரைக் கொடுத்து அவள் போட்ட வரைபடம். நாளைக் காலை பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு பேர் அதைப் பார்த்துக்கொண்டு நடக்கப் போகிறார்கள். சனிக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

"அங்கிள், இது சாத்திரம் இல்லை. விஞ்ஞானம்."

"எது எண்டாலும் சனி சனிதான். சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிச்சு அவரை அங்காலை அனுப்ப நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலை இருத்துறியள்! வேணுமெண்டா வியாழனைத் தாங்கோவன்."

"வியாழனுக்கு ரெண்டு நகைக்கடைக்காரர் அடிபட்டு, அது எப்பவோ போயிட்டுது."

"அப்ப சனியைப் பக்கத்துக் கடையிலை போடுங்கோ. பன்னிரண்டு மீற்றர்தானே?"

"பன்னிரண்டு மீற்றர் எண்டா ஒரு கோடியே இருபது இலட்சம் கிலோமீற்றர், அங்கிள்!"

"எதிர்ப்பக்கம்?"

"அது வங்கி. மூண்டு மாசமாக் கடிதத்துக்குப் பதில் இல்லை."

"சரி, பேரை அழிச்சுப்போட்டுப் பூட்டுங்கோ."

"வளையத்தைப் பார்த்தாலே தெரியுமே!"

சுபோதினிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கோடிக்கணக்கான கிலோமீற்றரைக் கணக்காகச் சுருக்கியவளால் இந்த ஒரு மனிதரை ஓர் அங்குலம்கூட அசைக்க முடியவில்லை. சனி இல்லாமல் பிள்ளைகளை நடக்க விடுவதைவிட எல்லாத் தகடுகளையும் கழற்றி எறிந்துவிடலாம் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"வேண்டாம், விடுங்கோ. ரெண்டு வருசம் நிக்கிற மாதிரி மாநகர சபையிலை அனுமதி எடுக்க நான் அலைஞ்ச அலைச்சல்!" என்று தகட்டைத் தூக்கினாள்.

"நில்லுங்கோ. ரெண்டு வருசமோ?"

"ஓம். ஒருக்காப் பூட்டினா, ரெண்டு வருசத்துக்கு ஆராலையும் கழட்டேலாது."

"ஆராலையும்?"

"ஆராலையும்."

நாகேந்திரம் தாடையைத் தடவினார். பிறகு அவள் கொண்டுவந்திருந்த சம்மதப் படிவத்தை வாங்கி, கடை நடத்துபவர் என்றிருந்த இடத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்.

சுபோதினிக்கு நம்பவே முடியவில்லை. அவர் மனம் மாறுவதற்குள் ஒட்டிவிட வேண்டும் என்று அவசரமாகப் பசையை எடுத்தாள்.

"பசை வேண்டாம், பிள்ளை. வெயிலுக்கு இளகிப்போகும். நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்குவம்."

அவரே உள்ளே போய் ட்ரில் மெஷினை எடுத்து வந்தார்.

"வாசலுக்குப் பக்கத்திலை, வாறவையின்ரை கண்ணிலை படுற மாதிரிப் பூட்டுங்கோ. இதைவிடப் பெரிசு இல்லையோ?"

சனி சுவரில் ஏறியது. சுபோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதரின் பயத்தை விஞ்ஞானம் வென்றுவிட்டது என்றே நினைத்தாள்.

"பெரிய உதவி, அங்கிள். பயப்பிடாதேங்கோ, இதாலை உங்கடை கடைக்கு ஒண்டும் வராது."

"எனக்கென்ன பயம்? எனக்கு இன்னும் ஆறே நாள்தான், பிள்ளை" என்று கடைசி ஸ்க்ரூவை இன்னொரு தரம் இறுக்கினார் நாகேந்திரம். "இருபத்தேழு வருசமா வாடகைக்கு இருந்த என்னை எழும்பச் சொல்லிப்போட்டு, வாற முதலாந் திகதி கடைச் சொந்தக்காரன் தன்ரை மருமகனுக்கெல்லோ இதிலை கடை திறக்கிறான்!"