அவள் இங்கே இல்லை

மருமகன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அழைப்பு மணியை அழுத்தினான்.

சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கு வழியாகப் பேராசிரியை அவனைப் பார்த்தார். மதியம் மூன்று மணி வெயிலில், முகம் கழுவித் தலை வாரி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் மாதிரி நின்றான். வலது கை மட்டும் தோள்பைக்குள்ளேயே இருந்தது.

மகள் உள்ளறையில் இருந்தாள். விடிவதற்குள் வந்தவள். இரண்டு விரல்களில் கட்டு. "அடுத்த தடவை கொன்னுடுவாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தவள்.

"அத்தை, அவ இங்க இருக்காளா?"

கேள்வி புதிதல்ல. இருபத்தாறு வருடங்களாக முதல் வருட மாணவர்களிடம் அவரே கேட்டு வருவதுதான். கொல்ல வந்தவன் வாசலில் நிற்கிறான். அவன் தேடுகிற ஆள் உங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார். பொய் சொல்லலாமா?

கூடாது என்கிறது பாடத்தில் உள்ள பழைய தத்துவ நூல். உண்மை சொல்லி எது நடந்தாலும் அது உன் குற்றமல்ல. பொய் சொல்லி எது நடந்தாலும் அது உன் தலையில்தான்.

வகுப்பே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். அவர் அந்த நூலின் கட்சி. ஆசிரியர்கள் அறையில் அவருக்குப் பட்டப்பெயரே 'சத்தியம்'. புதிதாக ஏதாவது சமைத்து எடுத்து வந்தவர்கள், அவர் கண்ணில் படாமல்தான் டப்பாவைத் திறப்பார்கள்.

"நீங்க பொய் பேச மாட்டீங்க அத்தை. அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்தேன்." குரல் குழைந்திருந்தது. கை பையை விட்டு வெளியே வரவில்லை.

அவர் முழங்கால் கதவில் இடித்தது. அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எங்கே போனாள் என்று சொல்வது? இப்படிப்பட்டவனிடமிருந்து தப்ப வேண்டுமென்றால் நானாக இருந்தால் எங்கே ஓடுவேன்?

"அவ இங்க இல்ல மாப்பிள்ளை. காலையில வந்தா. ஊரை விட்டே போறேன்னு இப்பதான் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினா."

அவன் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையசைத்தான். நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டான். பைக் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்து மறைந்தது.

தாழ்ப்பாளைப் போட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரமாவது போயிருக்கும்.

வாழ்நாளில் முதல் பொய். அதையும் அவன் அப்படியே நம்பிவிட்டான். திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிவிட வேண்டும், இத்தனை வருடமாக நீங்கள் சிரித்ததுதான் சரி என்று. அவருக்கே சிரிப்பு வரப் பார்த்தது.

சுவரைப் பிடித்து எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் தட்டினார். "போயிட்டான்டி. வெளியே வா."

கதவைத் தள்ளினார். போர்வை மடித்து வைத்திருந்தது. சமையலறைப் பின்கதவு தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

கைபேசியில் மகளின் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே மகள் எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பயப்படாதம்மா. அவர் குரல் கேட்டதுமே பின்பக்கமா வந்துட்டேன். உனக்குப் பொய் சொல்ல வராது. இப்போ நான் அங்க இல்லைன்னு நீ உண்மையாவே சொல்லலாம்ல."

அவள் குரலுக்குப் பின்னால், எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒரு பெண் குரல் நிதானமாக அறிவித்துக்கொண்டிருந்தது.