முன்வரிசையில் பெண்வீட்டார்

நிறோஷினியின் அப்பாவும் அம்மாவும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அதோடு அவளுடைய திட்டம் பாழ்.

மேடைக்கு முன்னால் பள்ளமாக இருந்த வாத்தியக் குழிக்குள் வயலினோடு உட்கார்ந்திருந்தவள் தலையை உயர்த்தி முன்வரிசையைப் பார்த்தாள். அப்பா அந்தோனிமுத்து கோட் போட்டிருந்தார். அம்மா விக்ரோரியா காஞ்சிபுரம் கட்டியிருந்தார். தங்கள் ஊரான ஹேர்னிங்கிலிருந்து மாதா கோயில் ஆட்களையும் நாலைந்து கார்களில் ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு வரிசையை நிரப்பியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள்.

பெடியன் ஒபேராவில் இருக்கிறான் என்று மகள் சொன்னபோது அந்தோனிமுத்து மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. முதலில் ஆளைப் பார்ப்போம், பிறகு கதைப்போம் என்றார். அவர் பார்த்துவிட்டுப் பிறகு கதைக்காமலே விட்ட ஆட்கள் ஏற்கெனவே மூன்று பேர்.

ஹொல்ஸ்டெப்ரோ மண்டபத்தில் அன்று இரண்டு இத்தாலிய ஒபேராக்கள். ஒவ்வொன்றும் ஒரே அங்கம். முதலாவதில் எல்லோரும் அழுவார்கள், இரண்டாவதில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தப் பெடியன் ஸ்ரிபன் இரண்டிலும் இருந்தான்.

இரண்டாவதில் கோட் போட்ட கலியாண விருந்தாளி. ஒரு வரி தனியாகப் பாடவும் செய்வான்.

முதலாவதில் பிரேதம்.

ஊர் ஒபேராச் சங்கத்தில் ஆம்பிளைகளுக்குத் தட்டுப்பாடு. இருந்த சிலரும் பாட வேண்டியிருந்தது. பாடாமல் கிடப்பதற்கு ஸ்ரிபனைவிடப் பொருத்தமான ஆள் இல்லையென்று இசையை நடத்தும் கிர்ஸ்ரன் ஒத்திகையின் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அவன் பாடியதைக் கேட்ட பிறகுதான் கண்டுபிடித்தார்.

ஏழு மணிக்கு என்று சொன்னால் தமிழாட்கள் எட்டுக்கு வருவார்கள், அதற்குள் பிரேதத்தை எடுத்துவிடலாம். நிறோஷினியின் கணக்கு இதுதான். டென்மார்க்கில் பிறந்த பிள்ளைக்கு ஒன்று தெரியாமல் போய்விட்டது. பிந்திப் போவதெல்லாம் நம்முடைய கலியாண வீடுகளுக்குத்தான். டெனிஷ்காரரின் மண்டபம் என்றால் அந்தோனிமுத்து கதவு திறக்க முன்னமே வந்து கார்த் தரிப்பிடத்தில் காவல் இருப்பார்.

மேடையில் பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடலில் செத்த மீனவன். முகம் திறந்திருந்தது; மகள் படத்தில் காட்டிய அதே முகம்.

“இதுவோ பெடியன்?” என்று விக்ரோரியா இரகசியமாகக் கேட்டார். அம்மாவின் இரகசியம் வாத்தியக் குழிவரைக்கும் கேட்டது.

“எழும்பும். பிரேதம் வருது” என்றார் அப்பா.

அந்தோனிமுத்து எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். கோயில் ஆட்களும் எழுந்தார்கள். பின்னாலிருந்த டெனிஷ்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த இடத்தில் எழுந்து நிற்பதுதான் இத்தாலிய முறையாக்கும் என்று நினைத்தார்கள். ஒபேரா தெரியாதவன் என்று பக்கத்துக் கதிரைக்காரன் நினைத்துவிடக் கூடாதல்லவா? மண்டபமே எழுந்து நின்றது.

மீனவனின் மனைவியாகப் பாடிய இங்கா பகலில் வங்கியில் வேலைசெய்பவர். தனக்காக ஒரு மண்டபம் எழுந்து நின்று அவர் கண்டதேயில்லை. புருஷனின் நெஞ்சில் விழுந்து, சட்டையைப் பிடித்து உலுக்கி, ஒத்திகையில் ஒருநாளும் பாடாத மாதிரிப் பாடினார்.

பாட்டு முடிந்தும் ஒருவரும் உட்காரவில்லை. பிரேதம் நடுவில் கிடக்கும்போது அந்தோனிமுத்து எப்படி உட்காருவார்? அவர் உட்காராமல் மற்றவர்கள் எப்படி உட்காருவார்கள்?

இன்னொருமுறை கேட்கிறார்கள் என்று கிர்ஸ்ரன் விளங்கிக்கொண்டார். பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்.

ஸ்ரிபன் இரண்டாம் முறையும் செத்துக் கிடந்தான். இங்கா இரண்டாம் முறையும் உலுக்கினார். அவன் அசையவேயில்லை.

நிறோஷினி வில்லை இழுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பாவின் தலை மெல்ல ஆடியது. முந்திய மூன்று பேரில் ஒருவரான, அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்த பல் வைத்தியருக்குக்கூட அந்தத் தலை ஆடியதில்லை. அடக்கமான பெடியன் என்று நினைக்கிறார் போலும். அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பாட்டு முடிந்தது. கால் வலித்த ஒருவர் பின்வரிசையில் உட்கார, மண்டபமும் மெல்ல மெல்ல உட்கார்ந்தது, கடைசியாக அந்தோனிமுத்துவும்.

அதன் பிறகு ஒரு மௌனம். இசைத்தாளிலேயே அப்படித்தான் இருக்கிறது. விளக்கு சிறிது சிறிதாக அணையும், அதுவரை ஒரு சத்தமும் வரக்கூடாது.

அந்த மௌனத்துக்குள் ஒரு குறட்டை கேட்டது.

சின்னக் குறட்டை இல்லை. முழுதாக ஏறி, மேலே கொஞ்சம் நின்று, முழுதாக இறங்கியது.

நிறோஷினிக்கு யாருடையது என்று உடனே தெரிந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலையை முடித்துவிட்டு, படுக்காமலே மேடை கட்ட வந்தவன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். செத்த மாப்பிள்ளையை அப்பா ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வார். வேலை நேரத்தில் நித்திரை கொள்ளும் மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

குறட்டை கேட்டதும் விக்ரோரியா, கலியாணம் கட்டிய காலத்திலிருந்து வந்த பழக்கத்தில், மேடையைப் பார்த்தபடியே முழங்கையால் புருஷனின் விலாவில் ஒரு இடி இடித்தார்.

மண்டபத்திலுள்ள தலைகள் எல்லாம் அந்தோனிமுத்துவின் பக்கம் திரும்பின.

அவர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்தபடி கிடந்த பிரேதத்தைப் பார்த்தார். பிறகு குழிக்குள் இருந்த மகளைப் பார்த்தார்.

ஹேர்னிங் துணி ஆலைகளில் கனகாலம் இரவு வேலை செய்த மனிதர். இது என்ன குறட்டை என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பாடையில் அடுத்த மூச்சு ஏறத் தொடங்கியது.

அந்தோனிமுத்து கண்களை மூடினார். தலையை நெஞ்சில் சரித்தார். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குறட்டை விட்டார். விளக்கு முழுதாக அணையும்வரை விட்டார்.

விக்ரோரியா இன்னொருமுறை இடித்தார். இந்தமுறை வலிக்காமல்.