மக்ரூன் பெட்டிக்குப் பின்னால்

"கயிறு அறுந்துராதுல்லா, அண்ணாச்சி?" சண்முகப்ரியா மறுபடியும் கேட்டாள். படகுக்குக் கீழே சிப்பிகள் படர்ந்த முத்துப் பார், பத்துப் பாகம் ஆழம். இடுப்பில் கட்டிய கயிற்றை நம்பிக் குதிக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஏளா, கயித்தப் பாத்தாச்சு, கல்லப் பாத்தாச்சு, சுறா வாடை அடிக்கான்னு காத்தையும் மோந்து பாத்தாச்சு. குதிக்கியா, இல்ல படகுலயே குடியிருக்கப் போறியா?" எஸ்றா கத்தினார்.

படகும் இல்லை, கடலும் இல்லை. எஸ்றா வீட்டு முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, அதன்மேல் ஒரு பகடை, அவ்வளவுதான். கரண்ட் போய், மேஜை விசிறியும் சும்மா நின்றது.

கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஸ்றா, அங்கே கற்றுவந்த ஆட்டம் இது. அவர் கதை சொல்வார். கதைக்குள் இருக்கிறவர்கள் அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால், காலி மக்ரூன் இனிப்புப் பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்து, அதன் மறைவில் அவரே பகடை உருட்டுவார். ஒன்று விழுந்தால் சாவு.

"செத்தவங்க எந்திரிச்சிப் போயிரணும். பெறவு சேத்துக்கிட மாட்டேன்" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சட்டம்தான் சண்முகப்ரியாவைப் பிடித்து ஆட்டியது. ஞாயிறு வந்தால் ஹாஸ்டல் காலி. அம்மா போன பிறகு கயத்தாறு வீட்டிலும் கதவைத் திறக்க ஆளில்லை. வாரம் முழுக்க ஷிப்பிங் ஆபீஸில் கண்டெய்னர் நம்பர்களோடு மாரடிக்கிறவளுக்கு, மனுஷக் குரல் கேட்க இருந்த ஒரே இடம் இந்த மேஜை. அதை எப்படி விடுவாள்? அதனால்தான் ஒவ்வோர் அடிக்கும் ஆயிரம் கேள்வி.

கூட ஆடிய மற்ற இருவருக்கும் அலுத்துப்போனது. முதலில் அனிஷா வருவதை நிறுத்தினாள். போன வாரம், கதையில் மலை உச்சியிலிருந்து விழுந்தும் பிழைத்துக்கொண்ட கையோடு, செல்வினும் எழுந்துவிட்டான். "இங்கன ஒண்ணுமே நடக்க மாட்டேங்கு, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பைக் சாவியை எடுத்தான். தன்னைத்தான் சொல்கிறான் என்று சண்முகப்ரியாவுக்கு உடம்பே கூசிப்போனது.

இருந்த கூட்டத்தையும் கலைத்தாயிற்று. இனியாவது துணிந்து ஆடித் தொலைப்போம்.

"குதிக்கேன், அண்ணாச்சி."

எஸ்றா திடுக்கென்று நிமிர்ந்தார். "கயித்த இன்னொரு தடவ பாத்துக்கிடேன்?"

"வேண்டாம். குதிச்சாச்சு."

பெட்டிக்குப் பின்னால் பகடை உருண்டது. எஸ்றா குனிந்து பார்த்தார். பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"பெரிய சுறா ஒண்ணு வருது... வருது... ஒன்னய ஒரசிட்டுப் போயிருச்சு. பொழச்சிட்ட!"

அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டபோது கரண்ட் வந்தது. விசிறி சடசடவென்று சுழன்றதில் காலிப் பெட்டி கவிழ்ந்தது. பகடையில் ஒரே ஒரு புள்ளி.

"அண்ணாச்சி, நான் செத்துட்டேன்லா?"

எஸ்றா பகடையை உள்ளங்கையால் மூடினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்போ செல்வின் மலையிலருந்து விழுந்தது?"

"அன்னைக்கும் ஒண்ணுதான்."

"அனிஷாவ ஆத்துல மொதல கடிச்சது?"

"அதுவும்தான்."

"பெறவு எதுக்கு அண்ணாச்சி பொய் சொன்னிய?"

அவர் இரண்டு காலி நாற்காலிகளையும் பார்த்தார்.

"நீயும் செத்துட்டா, அடுத்த ஞாயித்துக்கெழம இந்த வீட்டுக்கு யாருளா வருவா?"